மேலச் சங்கிலி

அத்தியாயம் 6

நீலகிரியில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது என்று நௌஷாத் எப்போதும் பீற்றிக்கொள்வான். ஊட்டி மெயின் பஜாரில் அத்தாவின் குடைக்கடையிலேயே வளர்ந்தவன். கண்ணைக் கட்டி பிக்கட்டியில் விட்டால்கூடக் கோத்தகிரிக்கு நடந்தே போய்ச் சேருவேன் என்பான். அந்தப் பெருமைக்கு இன்றைக்கு ஒத்தைக்கல் அணைக் குடியிருப்பில் நல்ல பூசை கிடைத்தது.

மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு வீடுகள். நூற்று நாற்பது படி. மழையில் பாசி பிடித்த அத்தனை படியும் ஏறி, உச்சி வீட்டுக் கதவைத் தட்டினால், உள்ளே ஆள் இல்லை. வெளியே நாய் இருந்தது. அது அவனைப் பார்த்த பார்வை கொஞ்சமும் சரியில்லை.

செல்போன் அடித்தது. குன்னூரில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் சசிரேகா, அவனுடைய முதலாளி.

“எங்கே போய்த் தொலைஞ்சே?”

“மேல கடைசி வீட்லதானுங்க மேடம் நிக்கறேன். நாய் ஒண்ணுதான் இருக்குது. அதுகிட்டயே வாக்குமூலம் வாங்கிடட்டுங்களா?”

“குனிஞ்சு பாரு. தண்ணி ஓரத்துல கடைசி வீடு. எனக்கு டீயே ஆறிப்போச்சு.”

குனிந்து பார்த்தான். அடிவாரத்தில், ஏரியைத் தொட்டுக்கொண்டிருந்த வீட்டு வாசலில் பச்சை ஸ்வெட்டர் போட்ட உருவம் கையை ஆட்டியது. யா அல்லா! மறுபடியும் நூற்று நாற்பது படி. நாய் பத்துப் படிவரை கூடவே வந்து வழியனுப்பியது.

வீட்டுக்காரி முத்துப்பேச்சிக்கு முப்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது.

“உங்களுக்கு வழி சொல்லத் தெரியலீங்கக்கா. போன்ல மேல வீடுன்னீங்க, மேகத்துக்கே போயிட்டு வந்துட்டேன்” என்றான் நௌஷாத்.

“சரியாத்தானே சொன்னேன்? மேலக் கடைசி வீடுன்னு!” என்றவள், அதோடு அவனை விட்டுவிட்டாள். வழியா முக்கியம் இப்போது?

“எங்கண்ணன் சுடலைமணி செத்துப் பத்து நாளாச்சு. செத்தவனப் போயி, சங்கிலிய அறுக்க வந்த களவாணிங்காவ. அவனுக்குக் கூட்டாளின்னு எங்க வீட்டுக்காரவுகளையும் பிடிச்சு வச்சிருக்காவ. மூணு மணிக்கு ஜீப்புல ஏத்தி ஊட்டி கோர்ட்டுக்குக் கொண்டு போறாவளாம். அவுக வெளிய வரணும் மேடம். எங்கண்ணன் பேர்ல இருக்க அழுக்கும் போகணும். ரெண்டும் வேணும் எனக்கு.”

மணி ஒன்று. சசிரேகா எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பதினாலு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளைத் துருவியவள் அவள். வாக்குக் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் நிறைய. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

* * *

ஒத்தைக்கல் ஏரியின் நடுவே ஏழு ஏக்கருக்குச் சூரிய மின்பலகைகள் மிதக்கின்றன. மலைக்காற்று அந்த மிதவையை அடித்துக்கொண்டு போகாமல் இழுத்துப் பிடிப்பவை இரண்டு பெரிய சங்கிலிகள். மலைப் பக்கம் ஒன்று, மதகுப் பக்கம் ஒன்று. தாய்ச் சங்கிலி என்பார்கள். தண்ணீருக்குள் கிடக்கிற சங்கிலி நைந்துபோனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காதுக்குத் தெரியும். இரும்பு வளையத்தில் கீறல் விழும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கிளம்பும். அதைப் பிடிக்கத் தண்ணீருக்குள் இரண்டு மைக்குகள் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொழிலாளர்கள் அவற்றுக்கு வைத்த பேர் தண்ணிக்காது. கரையில் தகரக் கொட்டகைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு எழுதுவதுதான் முத்துப்பேச்சியின் புருஷன் இசக்கியின் வேலை.

அந்தக் கொட்டகையிலேயேதான் அவனை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஒல்லியான ஆள். பெஞ்சின் ஓரத்தில், விழுந்துவிடுவான் போலத் தொற்றிக்கொண்டிருந்தான். எதிரே இன்ஸ்பெக்டர் வசந்தகுமார், கோயமுத்தூர்க்காரர். பக்கத்தில் கம்பெனி இன்ஜினியர் பிராங்ளின், பரம்பரையாகக் கோத்தகிரி எஸ்டேட்காரர். முத்துப்பேச்சி வாசலோடு நின்றுவிட்டாள்.

“ஏனுங்க மேடம், இதுல துப்பறிய என்ன இருக்குதுங்க?” என்றார் இன்ஸ்பெக்டர். “எல்லாம் வாட்ஸ்ஆப்லயே இருக்குதுங்க. அவனே எழுதி வெச்சிருக்கறான், பாருங்க.”

நௌஷாத் போனை வாங்கிப் படித்தான். போன மாதம் முழுக்க, தினமும் குரூப்பில் இசக்கி போட்ட செய்தி ஒன்றேதான், எண் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. ‘மேலச் சங்கிலி டிக் 7. கீழச் சங்கிலி சத்தம் இல்லை.’

“ஏழு டிக்கு போட்டிருக்கறாரு, பதிலுக்கு ரெண்டு ப்ளூ டிக்குதான் வந்திருக்குது” என்றான் நௌஷாத்.

சசிரேகா முறைத்தாள். வாயை மூடிக்கொண்டான்.

பிராங்ளின் விளக்கினார். “செய்தியை நம்பி நாங்க மேல சங்கிலியை மாத்தினோம் மேடம். அந்தா, மலைப் பக்கம் இருக்குதே, அதைத்தான். போன மாசக் கடைசி சனிக்கிழமை. வேலை நடக்கறப்ப மைக்குக்கு அடிபடக் கூடாதுன்னு ரெண்டையும் ஒயர்லேர்ந்து கழட்டி வெச்சுட்டோம். கேக்கறதுக்கு எதுவும் இல்லைன்னு இசக்கிக்கு லீவு. சுடலைமணியும் லீவு கேட்டான். ரெண்டு பேரும் ஊர்ல கோயில் கொடைத் திருவிழான்னு சேர்ந்துதான் போனாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்தாங்க. திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு, மதகுப் பக்கச் சங்கிலி அறுந்து மிதவையே திரும்பிக்கிச்சு. சுடலைமணி தண்ணிக்குள்ள. அந்தக் குளிர்ல...” நிறுத்தினார். “என்கிட்ட ஆறு வருஷம் வேலை பாத்தவன் மேடம்.”

“கழட்டின சங்கிலி?”

“கரையில போட்டு ஒவ்வொரு வளையமாத் தட்டிப் பாத்தாச்சு. ஒரு கீறல் இல்லை.”

“அவ்வளவுதானுங்க” என்று முடித்துவைத்தார் இன்ஸ்பெக்டர். “நல்லா இருக்கறதை மாத்த வெச்சுட்டு, அறுக்கப் போறதைப் பத்தி சத்தமே இல்லைன்னு எழுதிட்டான். வேலை நிரந்தரம் பண்ணலைன்னு இவன் மச்சான் சுடலைமணிக்கு ஆறு மாசமாக் கோவம். பையில ஆக்சா பிளேடு வேற இருந்துச்சு.”

இசக்கி தலையைத் தூக்கினான். “நான் கேட்டததான் எழுதினேன் சார். மேலச் சங்கிலிதான் சார் டிக்குன்னுச்சு. நூறு தடவ கேட்டாலும் அததான் சொல்லுவேன்.”

“பாருங்க மேடம்! இப்பவும் அதேதான் சொல்றான்!”

நௌஷாத்துக்குப் பொறுக்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவாவது மாற்றிச் சொல்லித் தொலைக்கக் கூடாதா இந்த மனுஷன்? சொல்லச் சொல்ல மாட்டிக்கொண்டே போகிறானே!

சசிரேகா வேறு எதையோ கேட்டாள். “சுடலைமணி அன்னைக்குக் காலையில எதுக்கு மிதவைக்குப் போனார்? யாராவது அனுப்பினீங்களா?”

“யாரும் அனுப்பலை. அதனாலதானே சந்தேகமே” என்றார் பிராங்ளின்.

“அவர் உடம்புல இருந்த சாமான் லிஸ்ட் இருக்கா?”

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். நௌஷாத் வாசித்தான். “பை ஒண்ணு, உள்ளே ஸ்பேனர், ஆக்சா பிளேடு. சட்டைப் பையில குங்குமப் பொட்டலம். பீடிக்கட்டு. எலுமிச்சம்பழம், அரை.” நிமிர்ந்தான். “அரைப் பழமா? மீதி அரையைச் சர்பத் போட்டுக் குடிச்சுட்டாருங்களா?”

“கொடைக்குப் போயிட்டு வந்தவன் பாக்கெட்ல குங்குமமும் பழமும் இருக்கறது என்ன அதிசயம்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“முழுப் பழம்னா அதிசயம் இல்லை சார். கோயில்ல கொடுத்த பழத்தை எவ்வளவு தூரம் பத்திரமாக் கொண்டு வந்திருக்கார்! அதை எங்கேயோ அறுத்திருக்கார்.” சசிரேகா எழுந்துவிட்டாள். “நௌஷாத், இன்னைக்குத்தான் முதல் தடவையா உருப்படியா ஒண்ணு கேட்டிருக்கே. மீதி அரை எங்கே? பிராங்ளின் சார், படகு எடுங்க.”

* * *

நௌஷாத்துக்கு நீச்சல் தெரியாது. இதை அவன் வேலைக்குச் சேரும்போது சொல்லவில்லை. ஃபைபர் படகு ஒவ்வொரு ஆட்டம் ஆடும்போதும் அவனுக்குக் குர்ஆனிலிருந்து ஒரு சூரா நினைவுக்கு வந்தது.

மிதவையின் மதகுப் பக்க முனையில் ஒரு தடித்த இரும்புக் கொண்டி. அதிலிருந்து சங்கிலி தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அறுந்தது அடியில் எங்கேயோ, முப்பது அடி ஆழத்தில். சேற்றில் புதைந்த அந்தத் துண்டை இன்னும் எடுத்தபாடில்லை. மேலே இருக்கிற நாலைந்து வளையங்களில் மட்டும் தார் பூசியிருந்தது.

“ரெண்டு சங்கிலிக்கும் இப்படித்தான் தார் பூசுவீங்களா?” என்று கேட்டாள் சசிரேகா.

“ஆமாங்க மேடம். புதுசுக்கும் உடனே பூசிட்டோம்.”

“அப்ப மேலேயிருந்து பாத்தா எது புதுசு, எது பழசுன்னு தெரியாது.”

“தண்ணிக்குள்ள இறங்கினாத்தான் தெரியும்.”

நௌஷாத் குப்புறப் படுத்துக்கொண்டு, கொண்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். குளிர்ந்த இரும்பு. வழுவழுவென்று தார். அப்புறம் ஒரு துணி முடிச்சு. அதற்குப் பின்னால், வளையத்துக்கும் கொண்டிக்கும் நடுவே செருகினபடி, சின்னதாக, காய்ந்து சுருங்கின ஏதோ ஒன்று. வெளியே எடுத்தான்.

அரை எலுமிச்சம்பழம். வெட்டின முகத்தில் குங்குமம் அப்பியிருந்தது.

முடிச்சுப் போட்டிருந்தது மஞ்சள் துணி. பத்து நாள் சாரலில் சாயம் போயும் மஞ்சள் மஞ்சளாகத்தான் இருந்தது. மழை படாத உள்பக்க வளையத்தில், தாரின்மேல், விரலால் வைத்த மூன்று குங்குமப் பொட்டுகள்.

“அறுக்க வந்தவன் இதையெல்லாம் எதுக்குங்க செய்யணும்?” என்றான் நௌஷாத்.

“நீ பைக் வாங்கினப்ப உங்க அத்தா என்ன பண்ணினார்?”

“ஃபாத்திஹா ஓதிட்டுத்தானுங்க சாவியையே கையில கொடுத்தாரு.”

“உன்னோட பழைய சைக்கிளுக்கு?”

“பழைய சைக்கிளுக்கு எவனாவது ஓதுவானுங்களா மேடம்?” சொல்லி முடித்ததும்தான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. “அப்ப இவரு... இதைப் புதுச் சங்கிலின்னு நினைச்சாருங்களா?”

“அப்படித்தான் நினைச்சிருக்கார். சாமி கும்பிட்டு வந்த கையோட, புதுச் சங்கிலிக்குப் பொட்டு வைக்க விடியற்காலையில வந்திருக்கார். ஆறு வருஷப் பழைய சங்கிலிமேல குனிஞ்சிருக்கார்.” சசிரேகா பிராங்ளினைப் பார்த்தாள். “எந்தச் சங்கிலியை மாத்தினீங்கன்னு அவருக்கு யார் சொன்னது?”

“நேர்ல யாரும் சொல்லலை மேடம். ஊர்லேர்ந்து வந்து எங்களைப் பாக்கவே இல்லையே. குரூப்ல நான் போட்டதைத்தான் பாத்திருப்பான். ‘மேல சங்கிலி மாத்தியாச்சு’ன்னு. தெளிவாத்தானே போட்டேன்?”

சசிரேகா நௌஷாத் பக்கம் திரும்பினாள். “காலையில எதுக்கு நீ உச்சி வீட்டுக்கு ஏறினே?”

“அந்தக்காதானுங்க சொன்னாங்க, மேலக் கடைசி வீடுன்னு. ஆனா அவங்க வீடு கீழ...” மதகுப் பக்கமாகத் திரும்பிப் பார்த்தான். உச்சி தாண்டிய வெயில் அந்தப் பக்கமாகத்தான் சாயத் தொடங்கியிருந்தது. “அடப்பாவமே!”

அவனுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கண்டுபிடித்தாயிற்று! மூணு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது! ஆனால் சசிரேகாவின் முகத்தில் மருந்துக்குக்கூடச் சந்தோஷம் இல்லை. படகில் உட்கார்ந்து ஏரியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

“இசக்கியைக் காப்பாத்திடலாம்” என்றாள் மெல்ல. “பேசறப்ப முத்துப்பேச்சி அங்கே இருக்கக் கூடாது. ஏதாவது சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பிடு.”

“ஏனுங்க மேடம்? அவங்க கேட்ட ரெண்டும் கிடைச்சிருச்சே?”

“சொன்னதைச் செய்யேன்.”

* * *

நௌஷாத் சொல்லிப் பார்த்தான். டீ வேண்டும் என்றான், தலைவலி என்றான், காலையில் நாய் கடித்துவிட்டது, மஞ்சள் வேண்டும் என்று காலைக்கூடத் தூக்கிக் காட்டினான். முத்துப்பேச்சி அசையவில்லை. “பொய் சொல்லுதீயளே. நான் இங்கனதான் இருப்பேன்” என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

சசிரேகா ஒரு நிமிஷம் தயங்கினாள். வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இனித் தள்ளிப்போட முடியாது.

“இசக்கி, பிராங்ளின் சார், ரெண்டு பேரும் ஏரியைப் பாத்து நில்லுங்க. நான் கேட்ட உடனே கையை நீட்டணும், யோசிக்கக் கூடாது. மேலச் சங்கிலி எது?”

இரண்டு கைகள் நீண்டன. பிராங்ளின் கை மலையைக் காட்டியது. இசக்கியின் கை மதகைக் காட்டியது.

இன்ஸ்பெக்டர் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னலே இது?” என்றான் இசக்கி, தனக்குத்தானே. “அது கீழச் சங்கிலில்லா சார்! கிழக்க இருக்கது கீழ. மேக்க இருக்கது மேல. எங்கூர்ல மேலத்தெரு, கீழத்தெருன்னா அப்படித்தான்.”

“எஸ்டேட்ல மேல் டிவிஷன்னா மலை உச்சில இருக்கறது, கீழ் டிவிஷன்னா பள்ளத்துல இருக்கறது” என்றார் பிராங்ளின். குரல் இறங்கிப் போயிருந்தது. “எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான்...”

“இங்கே மலை கிழக்கே இருக்கு. உங்க மேல அவருக்குக் கீழ. அவரோட மேல உங்களுக்குக் கீழ” என்றாள் சசிரேகா. “அவர் ஒரு மாசமா அறுந்து போகப் போற சங்கிலியைத்தான் தினமும் எழுதியிருக்கார். நீங்க சத்தமே இல்லாத சங்கிலியை மாத்தியிருக்கீங்க. அதனாலதான் அதுல ஒரு கீறலும் இல்லை.”

இன்ஸ்பெக்டர் லேசில் விடுகிற ஆள் இல்லை. “இது இப்பக் கட்டின கதையா இருந்தா? வாட்ஸ்ஆப்லயும் மேல, இப்பவும் மேலன்னுதானே சொன்னான்? எதை நினைச்சுச் சொன்னான்னு யாருங்க கண்டது?”

“பதிவு இருக்கு சார், கம்ப்யூட்டர்ல. அதைக் கேட்டீங்களா?”

“கேட்டேனுங்க. டிக்குன்னுச்சு. எந்தப் பக்கத்து டிக்குன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?”

நௌஷாத் அதற்குள் ஹெட்போனை மாட்டியிருந்தான். அதன் இரண்டு காதுக்கும் பிளாஸ்திரி ஒட்டி இசக்கி பேனாவால் எழுதியிருந்தான். ஒன்றில் ‘மே’, இன்னொன்றில் ‘கீ’. பிராங்ளின் போன மாதப் பதிவை ஓடவிட்டார். தண்ணீர் சலசலத்தது. எங்கோ பம்பு உறுமியது. அப்புறம், யாரோ விரல் சொடுக்கின மாதிரி, டிக். ‘மே’ என்று எழுதின காதில் மட்டும். மறுபடியும் டிக். அதே காதில்.

அந்தப் பக்கத்து ஒயரைப் பிடித்துக்கொண்டு நௌஷாத் நடந்தான். ஜன்னல் வழியாக வெளியே போய், கரையோரமாக வளைந்து, இருபது கம்பம் தாண்டி, மதகை ஒட்டித் தண்ணீரில் இறங்கியது ஒயர். அங்கே நின்று கத்தினான்: “மதகுப் பக்கம்தானுங்க சார்! ஒயருக்கு ஊர்ப் பாஷை எல்லாம் தெரியாதுங்க!”

அவன் திரும்பி ஓடிவந்தபோது இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். ஜீப் டிரைவரைக் கையை ஆட்டிப் போகச் சொன்னார். நல்ல மனுஷன்தான். தப்பு என்று தெரிந்தபின் இழுத்தடிக்கவில்லை. “நீ ஊட்டுக்குப் போலாம்பா” என்றார் இசக்கியிடம்.

முத்துப்பேச்சி கும்பிட்டாள். இன்ஸ்பெக்டரை, சசிரேகாவை, மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற நௌஷாத்தைக்கூட. கண்ணில் தண்ணீர் கொட்டியது. “அப்ப எங்கண்ணன் அறுக்கப் போகல?”

“இல்லைம்மா” என்றாள் சசிரேகா. “சங்கிலிக்குப் பொட்டு வைக்கப் போனார். ஊர்லேர்ந்து கொண்டு வந்த பழத்தை அந்த பிளேடாலதான் அறுத்து வெச்சிருக்கார்.”

“நான்தான் அந்தப் பழத்தச் சாமி காலடியில வச்சுக் கொண்டாரச் சொல்லிக் கொடுத்து விட்டேன்” என்று சிரித்தாள் அவள், அழுகையோடு. பத்து நாளில் முதல் சிரிப்பு. பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது. “ஆனா புதுச் சங்கிலி அந்தப் பக்கம்லா இருக்கு. இவன் ஏன் மேக்க போனான்?”

சசிரேகா தரையைப் பார்த்தாள். எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றலாமா என்று நௌஷாத் தவித்தான்.

இசக்கிதான் சொன்னான்.

“நான் எழுதினதப் படிச்சுட்டுத்தான் புள்ள போயிருக்கான். மேலச் சங்கிலி கெட்டுருச்சுன்னு நான் எழுதினேன். மேல சங்கிலி மாத்தியாச்சுன்னு இவுக எழுதினாவ. இங்க இருக்கவுக யாருக்கும் நான் எழுதினது புரியல. அவன் ஒருத்தனுக்குத்தான் புரிஞ்சிருக்கு. மேக்க புதுச் சங்கிலி கெடக்குன்னு நம்பிப் போயிருக்கான். மேலன்னு எழுதாம, மதகுன்னு எழுதிருந்தா மச்சான் இருந்திருப்பான்.”

பிராங்ளின் வாசலைத் தாண்டி வெளியே போய், மலையைப் பார்த்து நின்றுகொண்டார்.

முத்துப்பேச்சி புருஷனையே பார்த்தாள். அவனை அடிக்கப் போகிறாள் என்று நௌஷாத் நினைத்தான். கட்டிக்கொண்டு அழப் போகிறாள் என்றும் நினைத்தான். அவள் இரண்டும் செய்யவில்லை.

“நீங்க தப்பா எழுதிருந்தீயன்னா, உங்கள ஏசியாவது என் மனசு ஆறிருக்கும்” என்றாள். “சரியால்லா எழுதிருக்கீய. நான் இப்ப யாரப் போயி ஏச?”

சொல்லிவிட்டுத் தனியாகப் படியிறங்கி, ஏரிக்கரையோரமாகத் தன் வீட்டைப் பார்க்க நடந்தாள்.

“போலாம்னு சொல்லியாச்சில்லப்பா” என்றார் இன்ஸ்பெக்டர், இரண்டாவது தடவையாக.

இசக்கி பெஞ்சில் உட்கார்ந்தான். அதைவிட்டு எழுந்திருக்கவில்லை.